சீருடையில் ஒரு புதன்கிழமை: தாம்பரம், வண்டலூர், கோவளம்

காலை ஏழே முக்காலுக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்றோம், நானும் என் மகள் சுமையாவும். வண்டலூருக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். இடையில் பெருங்களத்தூர் ஒன்றே ஒன்று. உட்கார இடம் தேடுவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊருக்கு நான் தூக்கிக்கொண்டு போன சாமான்களைச் சொன்னால் சிரிப்பீர்கள்: இரண்டு தண்ணீர் பாட்டில், ஜனவரி மாதத்தில் ஒரு குடை, தலைவலி மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், வாந்தி வந்தால் பிடிப்பதற்குக் கேரி பேக், எங்கள் இருவரின் ஆதார் நகல். என் மனைவி பரிதா இதை ‘ஹஜ் பை’ என்பாள்.

சுமையாவுக்குப் பத்து வயது. நீலக் கட்டம் போட்ட சட்டை, நீலப் பாவாடை, ரிப்பன் வைத்த இரட்டைச் சடை. பார்த்தால் பள்ளிக்குப் போகிற பிள்ளை. ஆனால் அவள் ஜூன் மாதத்திலிருந்து பள்ளிக்குப் போகவில்லை.

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பயணம் புரியாது. சுமையா நாலு வயதில் கடைப் பலகைகளைப் படித்தாள். எட்டு வயதில் பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையனின் கணக்கைப் போட்டுக் கொடுத்தாள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் திடீரென்று மார்க் இறங்கியது. நூறு, எழுபதாகி, அறுபதானது. கண் டாக்டரிடம் போனோம், வயிற்று டாக்டரிடம் போனோம், கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு குழந்தை மனநல ஆலோசகரிடம் போனோம். அந்த அம்மா ஒரு மணி நேரம் இவளோடு தனியாகப் பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். “உங்க பொண்ணுக்கு எல்லாம் தெரியுது. தெரிஞ்சே தப்பா எழுதுறா. கூட இருக்கிற பிள்ளைங்க மாதிரி ஆகணும்னு” என்றார். “ரொம்பக் களைச்சுப் போயிருக்கா. முடிஞ்சா ஒரு வருஷம் விடுங்க.”

ஒரு வருஷம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என் கதைதான் ஞாபகம் வந்தது. நான் ஒன்பதாவது பாதியில் நின்றவன். எங்கள் குடும்பத்துக்குக் கார் சீட் கவர் தைக்கிற கடை. அப்போது ஓர் ஆள் குறைந்தது. “ஒரு மாசம் வந்து ஒத்தாசை பண்ணுடா” என்றார்கள். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. நான் இன்றைக்கும் அதே தையல் மெஷினில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மாதத்துக்கே இப்படியென்றால் ஒரு வருடத்துக்கு என்ன ஆகும்?

பரிதா பி.காம். படித்தவள், கிண்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். அவள்தான் தைரியமாக நிறுத்தினாள். வீட்டில் பாடம், நூலகம், புதன்கிழமை தோறும் என்னோடு ஒரு வெளியூர். கடையை மச்சான் பார்த்துக்கொள்வார். வெளியூர் என்றால் செங்கல்பட்டுக்கு அப்பால் போனதில்லை. எனக்கு அதுவே தூரம்.

சரி, சீருடை எதற்கு? அது என் யோசனை. முதல் புதன்கிழமையிலிருந்தே பஸ்ஸில், ரயிலில், டீக்கடையில் எல்லோரும் கேட்டார்கள்: “ஏன் பாப்பா ஸ்கூலுக்குப் போகல?” காய்ச்சல் என்றேன், லீவு என்றேன், பல் டாக்டர் என்றேன். பொய்யெல்லாம் தீர்ந்துபோன பிறகு, சீருடையே போட்டுவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று தோன்றியது. பழைய சீருடையின் ஓரத்தைப் பிரித்து இறக்கி நானே தைத்தேன். நிஜமாகவே யாரும் கேட்கவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்தப் புதன்கிழமைக்கு ஒரு விசேஷம் உண்டு. பள்ளித் தலைமை ஆசிரியை போன வாரம் அழைத்திருந்தார். பொங்கல் லீவு முடிந்ததும் சுமையா திரும்பி வருவதாக இருந்தால் ஆறாம் வகுப்பில் இடம் உண்டு, இல்லையென்றால் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம், புதன் மாலைக்குள் சொல்லுங்கள் என்றார். பரிதா காலையில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: “என்னங்க, நாள் பூரா அவகூட இருக்கப்போறது நீங்க. நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க, எனக்குச் சரி. ஆனா ஃபோன் பண்ணிட்டு மறுபடி மாத்திப் பேசாதீங்க.”

ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது.

“அத்தா, நீர்யானை உடம்புல செவப்பா வழியும், தெரியுமா?”

“ஐயோ, ரத்தமா?”

“எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. ரத்தமும் இல்ல, வேர்வையும் இல்ல. வெயில் சுடாம இருக்க அதோட தோலே போட்டுக்கிற மருந்து. தண்ணிய விட்டு வெளிய வந்தாதான் நமக்குத் தெரியும். இன்னிக்கு வெளிய வரணும்.”

“வரும்மா, வரும்” என்றேன், அதற்கு நான் பொறுப்பு மாதிரி.

வண்டலூர் நிலையத்திலிருந்து உயிரியல் பூங்காவுக்கு நடந்தே போகலாம். ஒன்பது மணிக்குத்தான் திறக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை விடுமுறை. நாங்கள் நிலையத்துக்கு வெளியே இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய் நின்றோம். எனக்கு இருநூறு ரூபாய், அவளுக்கு ஐம்பது. பேட்டரி கார் உண்டு. ஆனால் அது நிற்கிற இடத்தில்தான் நாம் பார்க்க முடியும், நாம் நிற்க விரும்புகிற இடத்தில் அது நிற்காது. நடப்பதே மேல். மரங்கள் அடர்ந்த நல்ல பாதை. பின்னால் ஜிஎஸ்டி சாலையில் லாரிகள் ஓடுவது கேட்டுக்கொண்டே இருக்கிறது, முன்னால் ஒரு சிங்கம் கர்ஜிக்கிறது.

நீர்யானைக் குளத்துக்கு வந்தபோது மணி பத்து இருக்கும். அங்கே ஒரு பள்ளியிலிருந்து சுற்றுலா வந்த பிள்ளைகள் கம்பிவேலியை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் நீலச் சீருடை. கட்டம் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சுமையா முன்னால் போய்ப் பார்க்க உள்ளே நுழைந்தாள். கூட வந்த இளம் ஆசிரியை அவள் தோளைப் பிடித்து, “ஏய், லைன விட்டு எங்க சுத்துற? ஜோடி ஜோடியா நில்லு” என்று ஒரு பெண் பக்கத்தில் நிறுத்திவிட்டார். அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் “இருக்கட்டும்” என்று தலையை ஆட்டினேன்.

இரண்டு பேரும் ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். அந்தப் பெண் சுமையாவின் காதில் என்னவோ சொல்ல, இருவரும் குனிந்து குனிந்து சிரித்தார்கள். என் மகள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று! இதைத்தான் நாம் பிடுங்கிவிட்டோம் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்துத் தலைமை ஆசிரியையின் எண்ணைத் தேடினேன். ‘வருகிறாள் மேடம், திங்கட்கிழமையே வருகிறாள்.’

அந்த நேரம் பார்த்து நீர்யானை கரை ஏறியது. முதுகில் செம்பழுப்பாகப் பளபளவென்று ஏதோ வழிந்தது.

“எல்லாரும் பாருங்க! அது உடம்புல செவப்பா இருக்குதே, அது என்ன? சொல்லுங்க பாக்கலாம்” என்றார் ஆசிரியை.

“ரத்தம்ம்ம் மிஸ்!” என்று மொத்தக் கூட்டமும் கத்தியது. என் மகளும் கத்தினாள். எனக்கு அவள் குரல் தனியாகத் தெரியும்.

ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த வரிசை நகர்ந்ததும் சுமையா என்னிடம் வந்துவிட்டாள். பூங்காவுக்கு வெளியே வந்து கோவளம் வழியாக மாமல்லபுரம் போகிற 515 பிடித்தோம். நடத்துநர் நரைத்த மீசைக்காரர். நான் இரண்டு டிக்கெட்டுக்குப் பணம் நீட்டினேன்.

“பாய், வெள்ளை போர்டு வண்டி இது. பொம்பளைங்களுக்கு ஃப்ரீ, பாப்பாக்கும்தான். உனக்கு மட்டும் பதினாறு.”

“தெரியும்ணே. பழக்க தோசம்.”

“எங்க வூட்லயும் அதான் பாய். பொண்டாட்டி, ரெண்டு பொண்ணு, மாமியாக்காரி, எல்லாம் ஓசி. நான் ஒருத்தன்தான் காசு குடுத்துப் போற ஜாதி. அதுக்குத்தான் கண்டக்டரா ஆயிட்டேன்.”

கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று சாலை நீள்கிறது. ஒரு பக்கம் அடுக்குமாடிகள், மறுபக்கம் இன்னும் மிச்சமிருக்கிற ஏரிகள். கேளம்பாக்கம் வரை அரை மணிக்கு மேல் ஆனது. நான் சுமையாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

“ஏம்மா ரத்தம்னு சொன்ன?”

“எல்லாரும் சொன்னாங்க.”

“உனக்குத்தான் தெரியுமே.”

அவள் ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்தாள். “அந்தப் பொண்ணு என் கைய புடிச்சிட்டிருந்தா அத்தா. நான் மட்டும் வேற சொன்னா விட்டுருவா.”

பள்ளிக்கு அனுப்பினால் கை கிடைக்கிறது, வாய் போய்விடுகிறது. வீட்டில் வைத்தால் வாய் இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கையில்லை. கேளம்பாக்கம் தாண்டியதும் இரண்டு பக்கமும் நீர் விரிந்தது. உப்பளப் பாத்திகளில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. பார்க்க அழகான இடம். நான் சரியாகப் பார்க்கவில்லை என்பதை வாசகர்களிடம் ஒத்துக்கொள்கிறேன். போனால் நீங்கள் பாருங்கள்.

கோவளத்தில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. நிறுத்தத்திலிருந்து கடற்கரைக்கு நடக்கிற தூரம்தான். ஒரு பக்கம் தர்கா, ஒரு பக்கம் மாதா கோயில், நடுவில் வலை உலர்த்துகிறார்கள். காலை ஏலம் முடிந்து படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. மீன் விற்கும் பெண்கள் வரிசையாகக் குடை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வஞ்சிரம் எங்கள் விலைக்கு மேலே. சங்கரா கிலோ முந்நூற்றைம்பது என்றார் ஓரத்தில் இருந்தவர். பக்கத்துக் கடைக்காரி செல்வி அவரைக் கஸ்தூரி என்று கூப்பிட்டாள். ஐம்பது வயதிருக்கும், வாய் நிறைய வெற்றிலை.

“அரைக் கிலோ குடுங்கக்கா. சுத்தம் பண்ணி.”

கஸ்தூரியக்கா மீனை எடுத்தார், கத்தியை எடுத்தார், சுமையாவைப் பார்த்தார், கத்தியைக் கீழே வைத்தார்.

“இன்னா பாய், பள்ளிக்கூட நேரத்துல பொண்ண இட்டுகினு பீச்சுக்கு வந்துகீற?”

“இன்னிக்கு லீவுக்கா.”

“லீவா? எந்த ஸ்கூலு லீவு? என் புள்ள காலைல போவமாட்டேன்னு கீய விழுந்து அழுதுட்டுப் போயிருக்கான். லீவுன்னா யூனிபாரம் எதுக்கு மாட்டிகினு வந்துது?”

“இல்லக்கா… அரை நாள்…”

“அரை நாளு எதுக்கு உடுவாங்க? ஏய் செல்வி, இங்க வா. இந்த ஆளு இன்னாவோ முழிக்கிறான்.” பிறகு குரலை மாற்றிச் சுமையாவிடம், “கண்ணு, இப்டி வா. பயப்படாத. இவரு யாரு உனக்கு?”

“எங்க அத்தா.”

நான் அவசர அவசரமாகப் பையைத் திறந்து ஆதார் நகல்களை எடுத்து நீட்டினேன். கஸ்தூரியக்கா அதைத் தொடக்கூட இல்லை. “இத இன்னாத்துக்குக் காட்ற? நான் இன்னா பேங்க்கா? பொண்ணு சொல்லட்டும். எந்த ஊரு கண்ணு?”

“தாம்பரம்.”

“இஸ்கூலு?”

சுமையா என்னைப் பார்த்தாள். பயந்து பார்க்கவில்லை. பொறுமையாகப் பார்த்தாள், நான் என்ன சொல்கிறேனோ அதைத் தானும் சொல்ல. காய்ச்சலா, லீவா, அரை நாளா, எதுவென்று சொல்லுங்கள் அத்தா, நானும் அதையே சொல்கிறேன் என்கிற மாதிரி. நீர்யானைக் குளத்தில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாளே, அதே பார்வை.

வகுப்பு அவளுக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது என்று இத்தனை நாள் வகுப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை தோறும் அதையே நான் பஸ்ஸில் வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதற்குச் சீருடை வேறு தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

“அக்கா, அவ ஸ்கூலுக்குப் போகல” என்றேன். “ஜூன்லேர்ந்து போகல. நாங்கதான் நிறுத்தினோம். ரொம்ப நல்லாப் படிக்கிற புள்ள. அதான் பிரச்சினையாயிடுச்சு. ஒரு வருஷம் வெளிய வச்சிருக்கோம். எல்லாரும் கேக்குறாங்கன்னு நான்தான் யூனிஃபார்ம் மாட்டி விட்டேன்.”

முதல் முறையாக ஒரு வெளியாளிடம் இதைச் சொன்னேன். இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். கஸ்தூரியக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“நல்லாப் படிக்குதுன்னு யாராச்சும் ஸ்கூல உட்டு நிறுத்துவாங்களா? ஏய் செல்வி, கேட்டியா இந்தக் கூத்த? என் புள்ள ஒரு எழுத்துப் படிக்க மாட்டுறான், அவன நான் தினம் அடிச்சி அனுப்புறேன். பாய், நம்ம ரெண்டு பேரும் மாத்திக்கலாமா?”

“அவரு புள்ளைய குடுத்துட்டு உன் புள்ளைய வாங்கிப்பாரா? அவருக்கு இன்னா பைத்தியமா?” என்றாள் செல்வி.

“இந்த ஆளப் பாத்தா வாங்கிப்பாரு போலதான் கீது” என்றார் கஸ்தூரியக்கா. நான்கு பேரும் சிரித்தோம். பிறகு அவர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: “நிறுத்தினியோ சேத்தியோ, அது உன் பாடு. ஆனா யூனிபாரம் போட்டு இட்டுகினு சுத்தாத. இந்த நேரத்துல போலீஸு பாத்தான்னா பேஜாரு. நானே இன்னொரு நிமிசத்துல கத்தி ஊரக் கூட்டியிருப்பேன்.”

“கூட்டியிருக்கணும்கா. நல்லதுதான்” என்றேன். மனதாரச் சொன்னேன்.

மீன் சுத்தமாகிற வரை சுமையா அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். செவுள் ஏன் சிவப்பு, சங்கராவுக்கு ஏன் கண் பெரிது, ஆழத்தில் இருட்டா? கஸ்தூரியக்கா, “எனக்கின்னா தெரியும், நான் இன்னா உள்ள போயா பாத்தேன்?” என்றார். “ஆழத்துல வெளிச்சம் கம்மியா இருக்கும், அதுக்காக இருக்கலாம்” என்று சுமையாவே சொன்னாள். “இருக்கலாம், இருக்கலாம். துட்ட குடுத்துட்டுக் கெளம்பு வாத்தியாரம்மா” என்று கஸ்தூரியக்கா ஐஸ் போட்ட பையை நீட்டினார்.

தர்காவின் பக்கம் போய் நான் தொழுதுவிட்டு வரும்வரை சுமையா வாசலில் இருந்தாள். பிறகு டப்பாவில் இருந்த எலுமிச்சை சாதத்தைக் கடலைப் பார்த்தபடி சாப்பிட்டோம். காற்று நன்றாக இருந்தது. அவள் ரிப்பனை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டுச் சடையைப் பிரித்துக்கொண்டாள். சொல்லாமலே செய்தாள்.

திரும்பும்போது வேறு வழி. கேளம்பாக்கம் வந்து, அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூர் போகிற பஸ். தூரம் கொஞ்சம்தான், ஆனால் மெட்ரோ வேலைக்காகச் சாலை நடுவில் தூண் தூணாக நட்டிருக்கிறார்கள். நாவலூரில் வண்டி நின்றது நின்றதுதான். இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டிடங்கள். கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் சாலையோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மணி நாலு. பள்ளிக்கு இப்பவே போறியா என்று சுமையாவைக் கேட்டேன், “ஜூன்ல போறேன் அத்தா” என்றாள். வண்டி நகராத இந்த நேரத்தை விட்டால் எனக்குத் தைரியம் வராது என்று ஃபோனைப் போட்டேன்.

“மேடம், வணக்கம். சுமையாவோட அத்தா பேசுறேன். அவ இப்ப வரல மேடம். வருஷம் முடியட்டும்.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா? ஜூன்ல எடம் இருக்கும்னு என்னால வாக்கு குடுக்க முடியாது. டெஸ்ட் எழுதணும். நீங்களே பாதியில நின்னவருன்னு அன்னிக்கு வருத்தமா சொன்னீங்க…”

“ஆமா மேடம். என்னை யாரும் கேக்கல. இவள கேட்டுச் செய்யுறோம்.”

அவர் “அவகிட்ட குடுங்க” என்றார். கொடுத்தேன். பின்னால் ஹாரன் சத்தம், அதனால் சுமையா கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் கேட்டார்கள்.

“நல்லா இருக்கேன் மிஸ்… வருது மிஸ், பக்கத்துல உக்காருவாளே கீர்த்தனா, அவ ஞாபகம் ரொம்ப வருது… இல்ல மிஸ். தெரியாம தப்பா எழுதல. தெரிஞ்சுதான் எழுதினேன்… அந்தக் கணக்குப் பரீட்சையிலயும்தான். கீர்த்தனா அறுபத்தி ரெண்டு வாங்குவான்னு நெனச்சு நானும் அவ்வளவுக்கே எழுதினேன். அவ எழுபது வாங்கிட்டா.” பக்கத்து இருக்கைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுமுனையிலும் சிரிப்பு போலத்தான் கேட்டது. “சரி மிஸ். ஜூன்ல டெஸ்ட்டுக்கு வரேன். ஒழுங்கா எழுதுறேன்.”

ஃபோனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். தூண்களுக்கு நடுவே வண்டி மெல்ல நகர்ந்தது.

“அத்தா, நாம புதன்கிழமை ஏன் போறோம்?”

“அன்னிக்குக் கடையில வேலை கம்மி.”

“சனிக்கிழமை போலாமா? சனிக்கிழமைன்னா கீர்த்தனாவுக்கு லீவு.”

சனிக்கிழமை கடைக்குத்தான் கூட்டம். இது எனக்கு உடனே தோன்றியது, சொல்லவில்லை. சோழிங்கநல்லூரில் இறங்கி மேடவாக்கம் வழியாகப் போகிற தாம்பரம் பஸ்ஸில் ஏறியதும், பரிதாவிடம் கேட்டுக் கீர்த்தனாவின் அம்மா எண்ணை வாங்கி அழைத்து, சனிக்கிழமை அவளையும் எங்களோடு அனுப்புகிறீர்களா என்று கேட்டேன். அவர் சந்தேகமாகக் கேட்டார்: “அங்க போயி என்னண்ணா சொல்லிக் குடுப்பீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்க மாட்டேன்மா. எனக்குத் தெரியாது. டிக்கெட் எடுப்பேன், கூட நடப்பேன். அதுங்க பேசிக்கும்.”

“கேட்டுச் சொல்றேன்” என்று வைத்தார். ஐந்து நிமிடத்தில் அவரே அழைத்தார். பின்னால் ஒரு பிள்ளை கெஞ்சிக் கூத்தாடுகிற சத்தம். சனிக்கிழமை எங்கே போகிறோம், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.

தாம்பரம் கிழக்கில் இறங்கும்போது விளக்குப் போட்டிருந்தார்கள். கோவளத்தின் காற்று இங்கே கிடையாது. எங்கள் தெருவில் எண்ணெய்ப் பலகாரத்தின் வாசனையும் ஹாரன் சத்தமும்தான். ஆனாலும் போன வாரங்களைவிடத் தெருவில் நிமிர்ந்து நடந்தேன் என்று நினைக்கிறேன். சங்கராவை வறுத்துப் போட்டுவிட்டுப் பரிதா கேட்டாள், “ஜூன்ல எடம் கெடைக்குமா?”

“தெரியாது” என்றேன்.

“தெரியாதுன்னு இவ்வளவு நிதானமா சொல்றீங்க?”

“நெஜமாவே தெரியாது. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?” என்றேன். சுமையா முள்ளைப் பிரித்துத் தட்டோரம் அடுக்கிக்கொண்டே, சனிக்கிழமை இரண்டு பேருக்கும் ஜன்னலோரம் கிடைக்க எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும் என்று கேட்டாள்.